தெற்குக் கரைத் தண்ணீர்

என் அப்பாவுக்கு உத்தியோகம் தண்ணீர் பிடித்து வருவது. பள்ளிக்கூடத்தில் இதை அப்படியே சொல்லிவிட்டு வந்த அன்று அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சர்க்கார் ஆபீஸில் வேலை என்றால் போதாதா என்பது அம்மாவின் கட்சி. ஆனால் உண்மை அதுதான். பெங்களூரைச் சுற்றியிருந்த ஏரிகளுக்கும் கிணறுகளுக்கும் முறை வைத்துப் போய், கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் எடுத்து, கழுத்தில் சீட்டுக் கட்டி ஆபீஸில் கொண்டுவந்து கொடுப்பார். அங்கே இருந்தவர்கள் அதில் என்னவெல்லாமோ சொட்டு விட்டுப் பார்த்து, குடிக்கலாம், குடிக்கக்கூடாது என்று எழுதுவார்கள். சீட்டில் அப்பாவின் கையெழுத்து அச்சடித்தது போலிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை.

நாங்கள் அப்போது காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் சித்திக்குப் பிரசவம் என்று அம்மா கோலாருக்குப் போயிருந்தாள். பகலில் என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒருநாள் காலையில் தந்தி வந்தது. குடும்பத்தோடு அழுதுகொண்டே ரயிலுக்குப் போய்விட்டார்கள். அப்பா பூட்டிய கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி, செருப்பு போட்டுக்கோ. வெயிலு ஏறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்" என்றார்.

அன்று அவருக்கு முறை, ஓசூர் ரோட்டில் சந்தாபுராவுக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்து ஏரி. அந்த ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோட்டோரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம். அப்பா நேராக அதற்குள் போனார். தோட்டக்காரருக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் கிணற்றில் வாளியை விட்டு இறைத்தார். அப்பா பையிலிருந்த இரண்டு பாட்டிலையும் நிரப்பி, துணியால் துடைத்து, முந்தின நாளே எழுதி வைத்திருந்த சீட்டுகளைக் கட்டினார். நான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்த காலம். ஊர்ப் பெயர், ஏரி, தெற்குக் கரை என்று எழுதியிருந்தது.

"இது கெணறுதானேப்பா?"

"எல்லாம் ஒரே ஊத்துதான். ஏரித் தண்ணி மண்ணுக்குள்ளயே வந்து இங்க கெணறா நிக்குது."

எனக்கு அது பெரிய அறிவாகத் தோன்றியது. பள்ளிக்கூடம் திறந்ததும் சொல்ல வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டேன். அப்புறம் எதற்கு ஏரி வரைக்கும் நடக்க வேண்டும் என்றும் கேட்டேன். ஊர்க்காரங்க பாக்கணுமில்ல, ஊர்த் தலைவரு பட்டேலு கையெழுத்து வேற வாங்கணும் என்றார். தோட்டக்காரர் வாளியில் மீந்திருந்ததை என் கைகளில் ஊற்றினார். சில்லென்று, லேசாக இனித்தது.

அங்கிருந்து ஒரு மைல் நடை. முதலில் இருபக்கமும் ராகிக் கொல்லைகள். பிறகு அதுவும் இல்லை. எப்போது என்று தெரியாமல் குருவிச் சத்தம் நின்றுபோயிருந்தது. எங்கள் பின்னாலேயே வந்த தோட்டத்து நாய் ஓர் இடத்தில் நின்றது. நான் கூப்பிட்டேன். அது காலைத் தூக்கி வைக்கப் பார்த்து, வைக்காமல், திரும்பிப் போய்விட்டது.

ஏரி என்றால் எனக்குத் தெரிந்தது அல்சூர் ஏரிதான். தண்ணீர், படகு, கரையில் கடலை விற்கிறவர்கள். அதைப் போல ஒன்றை எதிர்பார்த்து மேடேறிய எனக்கு முன்னால் வெள்ளையாக, கண் கூசும்படி, ஒரு பெரிய வெற்றிடம் கிடந்தது. உப்பைக் கொட்டிப் பரப்பியது போல இருந்தது. காற்று அடித்தபோது அந்த வெள்ளை புகையாக எழுந்து, கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி படுத்துக்கொண்டது. நடுவில் ஒரு மீன்பிடிப் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. அதற்கும் அப்பால் ஓர் ஓரத்தில் மட்டும் கறுப்பாக, அசையாமல், தண்ணீர் என்று சொல்லக்கூடியது கொஞ்சம் தேங்கியிருந்தது. கரையின் விளிம்பில் நீலமும் கத்தரிப்பூ நிறமும் வளையம் வளையமாகப் படிந்து வெடித்திருந்தன. மேட்டுப் பக்கம் சாயக் கம்பெனி ஒன்று வந்திருந்ததும், அதன் கழிவோடு டவுன் சாக்கடையும் அங்கேதான் இறங்கியது என்பதும் பிற்பாடு தெரிந்தவை. அன்றைக்கு அது யாரோ சாமிக்குப் போட்ட கோலம் என்றே நினைத்தேன்.

அந்த வெள்ளைப் பொருக்கின் மேல் மீன்கள் காய்ந்து கிடந்தன. நூறு, இருநூறு இருக்கும். எல்லாமே தலையை ஒரே திசையில் வைத்திருந்தன. யாரோ வரச்சொல்லி, பாதி வழியில் நின்றுபோனவை போல.

அந்தத் திசையில் பார்த்தேன். ஏரியின் அந்தப் பக்கத்தில் ஊரே திரண்டு நின்றது.

ஆண்கள், பெண்கள், தலையில் குடத்தோடு சிலர், கூடவே மாடுகள். வரிசையாக, தோளோடு தோள் உரச, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கை அசைக்கவில்லை. ஒரு மாடுகூட வாலை ஆட்டவில்லை. "நம்மளப் பாக்கத்தான் நிக்கறாங்களா?" என்று கேட்டேன். அப்பா, பேசாம வா என்றார். அவருடைய குடை வலதுபக்கம் சாய்ந்திருந்தது. வெயில் இடதுபக்கத்திலிருந்து அடித்தது. குடைக்கு வெளியே அவருடைய இடது கன்னம் வியர்த்து வழிந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வெயிலை மறந்து எதற்காக அந்தப் பக்கம் மறைத்துக்கொண்டு நடக்கிறார் என்று நான் கேட்கவில்லை; பேசாமல் வரச் சொல்லியிருந்தாரே.

நெருங்க நெருங்க அவர்கள் அசையவே இல்லை. இன்னும் நெருங்கியபோதுதான் அவர்கள் ஆட்கள் அல்ல, சுவர்கள் என்று தெரிந்தது.

ஏரியைப் பார்த்த வீடுகள் எதற்கும் அந்தப் பக்கம் வாசலோ ஜன்னலோ இல்லை. எல்லாம் மண்வைத்து அடைத்துப் பூசப்பட்டிருந்தன. பூசின இடத்திலெல்லாம் ஆள் உயரத்துக்குச் சித்திரங்கள். சுண்ணாம்பு வெள்ளையில் உடம்பு, செம்மண்ணில் துணி, கரியில் முடி. நீலம் மட்டும் எந்த ஊர்ச் சுவரிலும் நான் பார்த்தேயிராத நீலம். எல்லா முகங்களும் நேராக ஏரியைப் பார்த்தன. அந்தக் கண்கள் பெரிதாக, இமையில்லாமல், காது வரைக்கும் நீண்டிருந்தன.

அப்பா என்னை ஒரு புங்கமரத்து நிழலில் நிற்க வைத்து, இங்கிருந்து நகரக்கூடாது என்று சொல்லிவிட்டு, குடையும் பையுமாகப் பட்டேல் வீட்டுக்குப் போனார். அது ஊருக்கு அந்தப் புறம், மேட்டில் இருந்தது. அவர் தலை மறைந்ததும் நான் நகர்ந்தேன்.

முதல் சுவரில் தலைகீழாக இரண்டு மாடுகள். அடுத்ததில் கவிழ்ந்த குடத்தோடு ஒரு பெண். அதற்கடுத்ததில் சின்னச் சின்னதாக ஒரு வரிசை. மூலைச் சுவருக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே அப்பா நின்றார். ஒரு கையில் குடை, தோளில் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு பாட்டில். பை தூக்கித் தூக்கி இறங்கிப்போன அந்த வலது தோளைக்கூட விடாமல் எழுதியிருந்தார்கள். முகம் மட்டும் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. கண் இல்லை.

"இன்னா பாக்கற கண்ணு?"

பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. விரல்களிலிருந்து முழங்கை வரைக்கும் நீலம். கண்ணோரங்கள் புண்ணாகச் சிவந்திருந்தன.

"இது எங்கப்பா" என்றேன்.

அவள் என்னையும் சுவரையும் பார்த்தாள். "பாட்லி சாமி பொண்ணா நீ" என்றாள். கோபம் இல்லை. வீடு துடைக்கிறபோது எதையோ கண்டெடுத்தவள் சொல்வதுபோலச் சொன்னாள். "நெழலுக்கு வந்து குந்து. எது வேணா கேளு, தண்ணி மட்டும் கேக்காத."

யார் எழுதியது என்றேன். நான்தான் என்றாள். கல்யாண வீடுகளுக்குச் சுவர் எழுதிக்கொண்டிருந்தவளாம். நாற்றம் தாங்காமல் ஊரே ஏரிப்பக்கத்து வாசல்களை அடைத்தபோது, அடைத்த வாசலை வெறுமனே விடக்கூடாது என்று இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து, போனவர்களையெல்லாம் அங்கே நிற்க வைத்துவிடுகிறாள். நீலம் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஏரிக்கரையைக் கையால் காட்டினாள். "அங்கதான் சொரண்டி எடுப்பேன். அத ஒண்ணுதான் கெரெ குடுக்குது இப்ப." ஏரியைத்தான் அவள் கெரெ என்றாள்.

"போனவங்கல்லாம் எங்க போனாங்க?"

"போய்ட்டாங்க."

என் அம்மாவும் கோலாருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"எங்கப்பா போகலையே. வந்துகிட்டுதானே இருக்காரு?"

"ஆமா. வந்து வந்து போறவரு. அதான் கண்ணு வெக்காம வுட்டு வெச்சிருக்கேன்."

கண்தான் கடைசியாம். கண் வைத்தால் ஆள் வந்துவிட்டதாகக் கணக்காம். மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் வைக்கலாம் என்று சிரட்டையோடு வருவாளாம். அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விடுவாராம். இதையெல்லாம் அவள் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். சட்டென்று நிறுத்தி, சிரட்டையை என்னிடம் நீட்டினாள்.

"நீ வெய்யி."

எனக்கு எட்டவில்லை. அவள் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவளுடைய உடம்பில் எலும்பு தவிர வேறொன்றும் இல்லாததுபோல் இருந்தது. ஒரு விரலை நீலத்தில் தோய்த்து முதல் கண்ணை எழுதினேன். அது சரியாக வந்தது. இரண்டாவதை எழுதும்போது விரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பொட்டு வைத்து விரலை எடுத்தேன். எடுத்த அந்த க்ஷணத்தில் சுவர் என்னைப் பார்த்தது. மற்றவை எல்லாம் ஏரியைப் பார்த்தன. இது ஒன்று மட்டும், கோணலான ஒரு கண்ணோடு, என்னைப் பார்த்தது. இறக்கிவிடச் சொல்லி அவள் தோளை அழுத்தினேன்.

இறங்கித் திரும்பினால், ஐந்தாறு அடி தள்ளி அப்பா நின்றிருந்தார். குடை மடக்கியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நகர்ந்ததற்கு அடி விழும் என்று நினைத்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மூலைச் சுவரை முதலில் பார்த்தார். பிறகு அதற்கு முந்தினது, அதற்கு முந்தினது என்று பின்னாலிருந்து முன்னால் போனார். சின்னச் சின்ன வரிசைக்கு எதிரே வந்ததும் நின்றார்.

"கடேசிப் புள்ள என்னுது சாமி" என்றாள் அந்தப் பெண். "மாசி மாசம்."

அப்பா கீழே உட்கார்ந்து பையைத் திறந்தார். ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றி, தரையில் கவிழ்த்தார். முதல் மடக்கு வெள்ளை மண்ணில் விழுந்து சுருண்டு மறைந்தது. அவ்வளவுதான், அந்தப் பெண் சிரட்டையைப் போட்டுவிட்டு பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே ஓடினாள். ஒரு சொம்போடு வந்து பாட்டிலுக்குக் கீழே பிடித்தாள்.

"கொட்டாத சாமி. நல்ல தண்ணி அது."

அப்பாவின் கை அப்படியே நின்றது. எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அதன் நிறத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பாட்டிலையும் அவர் அவளுடைய சொம்பில் மெல்ல ஊற்றினார். ஒரு சொட்டும் சிந்தாமல் அதைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். இருட்டுக்குள் யாரோ மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. குடித்தவர் யார் என்று நான் பார்க்கவில்லை.

அப்பா பூட்ஸைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, இரண்டு பாட்டில்களோடு ஏரிக்குள் இறங்கினார். பொருக்கு அவர் காலுக்குக் கீழே அப்பளம் போல நொறுங்கியது. கவிழ்ந்த பரிசல் வரைக்கும் சாதாரணமாக நடந்தார். அதைத் தாண்டினதும் ஒரு கால் முழங்கால் வரை போயிற்று. பிடுங்கி எடுத்து வைத்தார். அடுத்தது தொடை வரை போயிற்று. நான் அப்பா அப்பா என்று கத்தினேன் என்று நினைக்கிறேன். கத்தியது என் காதிலேயே விழவில்லை. அந்த வெள்ளைக்கு நடுவில் அவர் பாதி ஆளாக, இரண்டு பாட்டிலையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். அவரைச் சுற்றி நீலமாக ஏதோ குமிழியிட்டது.

அதுவரை எங்கே இருந்தார்களோ, வீடுகளின் பின்புறத்திலிருந்து இரண்டு ஆண்கள் மூங்கில் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவசரப்படவில்லை. பொருக்கின்மேல் ஏணியைப் படுக்கப்போட்டு, அதன்மேல் ஊர்ந்துபோய், அவர் பாட்டில்களை நிரப்பி முடிக்கும்வரை காத்திருந்து, அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். மடித்துவிட்ட பேன்ட் இருந்த இடம் தெரியாமல் இடுப்புக்குக் கீழே அவர் கறுப்பாக, வேறு யாருடைய காலோ போல, வந்து சேர்ந்தார். பாட்டில்களைத் துடைத்தார். சீட்டுகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. தெற்குக் கரை என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

கழுவிக்கொள்ளத் தண்ணீர் இல்லை. யாரும் கொடுப்பதாகச் சொல்லவும் இல்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த பாட்டில்களை ஆபீஸில் திருப்பிக் கொடுத்து, வேறு பிடித்துவரச் சொன்னார்களாம். அவர் மறுபடியும் போய் அதே இடத்தில் பிடித்து வந்தார். அதற்குப் பிறகு அவரை வெளியே அனுப்பவில்லை. பழைய காகிதங்கள் வைத்திருந்த ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவருடைய காலில் அரிப்பு வந்து, தோல் உரிந்து, கடைசி வரைக்கும் ஆறவில்லை. அம்மா அந்த ஏரியைத் திட்டுவாள், ஆபீஸைத் திட்டுவாள், சில நாள் அப்பாவையே திட்டுவாள். என்னைத் திட்டமாட்டாள், ஏனென்றால் நான் அவளிடம் கண் எழுதிய விஷயத்தைச் சொல்லவே இல்லை. விரலில் ஒட்டிய நீலத்தை அவள் புளி போட்டும் சாம்பல் போட்டும் தேய்த்துப் பார்த்தாள். மை கொட்டிவிட்டது என்று சொன்னேன். நான் வைத்த கண்ணால்தான் எல்லாம் வந்தது, அதிலும் அந்தக் கோணல் கண்ணால்தான் வந்தது என்று பல வருஷம் நம்பி, தூங்கப் பயந்திருக்கிறேன். ஊருக்கு மேட்டுப் பக்கத்தில் ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார்கள் என்று கேள்வி. அது அப்பாவின் பாட்டிலால்தானா என்று யாரும் சொல்லவில்லை. ஏரி ஏரியாகத் திரும்பவில்லை.

அன்று நாங்கள் பஸ்ஸில் வீடு திரும்பினோம். தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் அப்பா திரும்பவே இல்லை. ரோட்டுக்கு வருவதற்குள் அப்பாவின் கால்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது, நாற்றம் காயவில்லை. செத்த எலியும் கெட்டுப்போன முட்டையும் சாயமும் கலந்த நாற்றம். பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். யாரோ கன்னடத்தில் ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அப்பா ஒன்றும் கேட்காதவர்போலக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டார். காபி டிகாக்ஷன் போல உள்ளே தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார்.

நான் போகவில்லை. முன்னால் பெண்கள் பக்கத்தில், கனகாம்பரம் வைத்திருந்த ஓர் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "யார் கூட வந்தே பாப்பா?" என்று கேட்டாள்.

"யார் கூடவும் இல்ல" என்றேன். சின்ன பஸ்தான் அது. கடைசி சீட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

கண்டக்டர் பின்னால் போனார். அப்பா ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கேட்டார். அரை யாருக்கு, ஆளைக் காணோமே என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா இதோ என்று என்னைக் காட்டுவார், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

"முன்னாடி ஒரு பொண்ணு குந்தியிருக்கு பாருங்க. தெரிஞ்சவங்க வீட்டுக் கொழந்தை. காக்ஸ் டவுன் பக்கம் எறக்கி வுடணும்" என்றார் அப்பா.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்த அம்மாள் தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்து எனக்குக் கொடுத்தாள். நல்லவேளை, யாருக்கும் தெரியவில்லை என்று நான் நிம்மதியாக அதை உரித்துத் தின்றுகொண்டே வந்தேன்.